ஏற்றத்தில் டிக் டிக், மீட்டரில் மஞ்சள் லைட்: நாக் சென்சரைச் சந்தேகப்படும் முன்

நாக் சென்சர் கெட்டால் இன்ஜின் சத்தம் போடும் என்றுதான் மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கம் பலரும் நினைக்கிறார்கள். பெரும்பாலும் நடப்பது அதற்கு நேர் எதிர். சென்சர் செத்துப்போனால் கார் சத்தம் போடாது. சோம்பிப்போகும், பெட்ரோல் குடிக்கும், ஏற்றத்தில் மூச்சு வாங்கும். சத்தம் கேட்கிறது, ஆனால் மீட்டரில் லைட் எரியவில்லை என்றால் சென்சரைக் கழற்ற வேண்டிய தேவையே அநேகமாக வராது. "சென்சர் போச்சு தம்பி, மாத்திடலாம்" என்று பட்டறைப் போமன் அண்ணன் சொன்னதும் தலையாட்டுவதற்கு முன் எந்த அறிகுறிக்கு எதைப் பார்க்கவேண்டும் என்பதற்குத்தான் இது.

முதலில் அது செய்யும் வேலை. பிளக் தீப்பொறி போட்டதும் சிலிண்டருக்குள் இருக்கும் கலவை பிளக்கிலிருந்து ஓரம் வரைக்கும் சீராக எரிந்துகொண்டு போகவேண்டும். சூடும் அழுத்தமும் அளவு மீறினால், தீ வந்து சேருமுன்னே ஓரத்தில் மிஞ்சியிருக்கும் கலவை தானாகப் பற்றி வெடித்துவிடும். அந்த அதிர்வுதான் நமக்கு டிக் டிக் என்று கேட்கிறது. நாக் என்பது இதைத்தான். லேசாக, எப்போதாவது என்றால் பாதகமில்லை. தொடர்ந்து அடித்தால் பிஸ்டன் தலை அரிக்கும், பிஸ்டன் ரிங் உட்காரும் இடம் உடையும், ஹெட் கேஸ்கெட் போகும்.

நாக் சென்சர் இன்ஜின் பிளாக்கில் போல்ட் போட்டு இறுக்கிய காது. உள்ளே ஒரு பீசோ வட்டு இருக்கிறது. அதிர்வில் அது அழுந்தும்போது சிறிய மின்னழுத்தம் பிறக்கும். ஈசியு, அதாவது இன்ஜினை நடத்தும் கணினி, அதை எந்நேரமும் கேட்டுக்கொண்டிருப்பதில்லை. ஒவ்வொரு சிலிண்டரும் தீப்பிடித்த அடுத்த சிறு பொழுதில் மட்டும், அதுவும் குறிப்பிட்ட அலைவெண்ணில் மட்டும் கேட்கும். நாக் சத்தத்தின் அலைவெண் சிலிண்டர் விட்டத்தைப் பொறுத்தது. விட்டம் சிறுத்தால் அலைவெண் கூடும். முதல் தலைமுறை மைவி 1.3 காரில் விட்டம் 72 மில்லிமீட்டர். கணக்குப் போட்டால் சுமார் 8 கிலோஹெர்ட்ஸ் வருகிறது. பழைய ஒத்ததிர்வு வகை சென்சர்கள் அந்த ஓர் அலைவெண்ணுக்கென்றே செய்யப்பட்டவை. அதனால் மரை பொருந்துகிறது என்பதற்காக வேறு இன்ஜினின் சென்சரைப் போட்டு ஏமாறாதீர்கள். நடுவில் ஓட்டை வைத்து, போல்ட் நுழையும் தட்டையான வகை இப்போது பரவலாக இருப்பது. அது அகன்ற அலைவரிசையைக் கேட்கும், வடிகட்டுவது ஈசியுவின் வேலை.

நாக் கேட்டதும் ஈசியு தீப்பொறியைச் சில டிகிரி தாமதப்படுத்தும். சத்தம் அடங்கியதும் கொஞ்சம் கொஞ்சமாகப் பழைய நிலைக்குத் திருப்பும். காதே போய்விட்டது என்று தெரிந்தால் வம்பே வேண்டாம் என்று தாமதத்திலேயே நிறுத்திவிடும். கார் சோம்புவது அதனால்தான்.

கார்புரேட்டர் வைத்த கஞ்சில் காரும் பழைய சாகா காரும் வைத்திருப்பவர்கள் தேட வேண்டாம், அவற்றில் இந்தச் சென்சரே கிடையாது. டீசல் ஹைலக்ஸ் சங்கதியும் வேறு, அது இயல்பாகவே கடகடக்கும்.

லைட் எரிகிறது, கார் இழுக்கவில்லை, சத்தம் ஒன்றுமில்லை

காரின் ஈசியுவோடு பேசும் ஓபிடி ஸ்கேனரைச் சொருகி, அது காட்டும் கோளாறுக் கோடை (code) படியுங்கள். ஃபோனோடு பேசும் ப்ளூடூத் வகையே போதும். பழைய புரோட்டோன் சிலவற்றுக்கு மட்டும் அது பேசாது. அதற்குரிய ஸ்கேனர் உள்ள பட்டறைக்குத்தான் போகவேண்டும்.

பி0325 (P0325) என்றால் சென்சரின் மின் வட்டத்தில் (சர்க்யூட்டில்) ஏதோ கோளாறு. பி0326 என்றால் சிக்னல் வருகிறது, ஆனால் இருக்கவேண்டிய அளவில் இல்லை. பி0327 சிக்னல் மிகக் குறைவு, பி0328 மிக அதிகம். பி0330 முதல் பி0334 வரை இரண்டாவது சென்சருக்கு உரியவை. வி6 இன்ஜின் வைத்திருப்பவர்களுக்குத்தான் பெரும்பாலும் அது தேவைப்படும். இந்தக் கோடுகளில் எதுவும் "சென்சரை மாற்று" என்று சொல்லவில்லை. வட்டம் என்றால் சென்சர், போல்ட், சாக்கெட், வயர், ஈசியு ஐந்தும் சேர்ந்ததுதான்.

நம் ஊரில் வயரிலிருந்து தொடங்குவதுதான் புத்திசாலித்தனம். காரணம் எலி. செம்பனைக்குள் எலி எவ்வளவு இருக்கிறது என்பதற்கு தோட்டம் நெடுக நட்டு வைத்திருக்கும் ஆந்தைப் பெட்டிகளே சாட்சி. லயத்து வாசலிலோ தோட்டத்து வீட்டுப் பக்கத்திலோ ராத்திரி கார் நின்றால் எலிக்குக் கதகதப்பான இடம் இன்டேக் மேனிஃபோல்டுக்கு அடிப்பக்கம். பல இன்ஜின்களில் நாக் சென்சர் உட்கார்ந்திருப்பதும் அதே இடத்தில்தான். பானெட்டைத் திறந்து டார்ச் அடித்துப் பாருங்கள். செம்பனை நார், கடித்த பழத்துண்டு, கருத்த புழுக்கை, மூக்கைப் பிடிக்கவைக்கும் மூத்திர நெடி, இதில் ஏதாவது ஒன்று இருந்தால் வயரை விரலால் தடவிக்கொண்டே போங்கள். எலி கடித்த வயர் அறுந்து தொங்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். பல சமயம் மேல் தோல் மட்டும் ஒரு பக்கமாகச் சீவப்பட்டு, உள்ளே பின்னல் கம்பி பளபளவென்று தெரியும், அதற்கும் உள்ளே இருக்கும் சிக்னல் கம்பி பின்னலைத் தொட்டுக்கொண்டிருக்கும். பார்வைக்கு முழுசு, ஈசியுவுக்கு ஊமை.

அந்தப் பின்னல் அழகுக்கு இல்லை. சென்சர் தரும் மின்னழுத்தம் மிகச் சின்னது. பக்கத்தில் ஓடும் காயில் வயரின் இரைச்சல் அதில் ஏறாமல் காப்பது அந்தப் பின்னல்தான். ஒட்டுப்போடும்போது சாதாரண வயரை வைத்து முறுக்கி டேப் சுற்றினால் கோடு மறுபடி வரும், அல்லது வராமலே ஈசியு தப்பாகக் கேட்கும். பின்னல் உள்ள வயரையே வாங்கி, ஈயம் வைத்து ஒட்டி, சுருங்கும் குழாய் போடுங்கள். பின்னல் ஒரு முனையில் மட்டும் எர்த் ஆகவேண்டும். இரண்டு முனையிலும் எர்த் கொடுத்தால் அதுவே இரைச்சலுக்கு வழி செய்துவிடும்.

வயர் சுத்தமாக இருந்தால் சாக்கெட். கழற்றி உள்ளே பாருங்கள். பித்தளை முள்ளில் பச்சைக் களிம்பு பிடித்திருக்கிறதா, ராக்கர் கவர் கேஸ்கெட் கசிந்து இன்ஜின் எண்ணெய் இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். கான்டாக்ட் கிளீனர் அடித்துக் காயவிட்டுச் சொருகி, கோடை அழித்து ஓட்டிப் பார்க்கலாம்.

அப்புறம் மல்ட்டிமீட்டர். சாக்கெட்டைக் கழற்றிய நிலையில் சென்சரின் பக்கம் ரெசிஸ்டன்ஸ் அளக்கவேண்டும். எல்லாக் காருக்கும் ஒரே எண் கிடையாது. போஷ் தட்டை வகையில் 1 மெகாஓமுக்கு மேல் இருக்கவேண்டும். டொயோட்டா தட்டை வகை பலவற்றில் 120 முதல் 280 கிலோஓம். செஃபீரோ போன்ற நிசான் வி6 கார்களில் முள்ளுக்கும் எர்த்துக்கும் இடையே 500 முதல் 620 கிலோஓம். உங்கள் காரின் கையேட்டு எண்ணையே நம்புங்கள். பூஜ்யத்துக்குப் பக்கத்தில் காட்டினால் உள்ளே ஷார்ட். உள்ளே ரெசிஸ்டர் வைத்த வகை ஒன்றுமே காட்டாவிட்டால் உள்ளே அறுந்திருக்கிறது. இவ்வளவு பெரிய ரெசிஸ்டன்ஸ் அளக்கும்போது மீட்டரின் இரண்டு ஊசியையும் வெறும் விரலால் பிடித்துக்கொண்டு முள்ளில் வைக்காதீர்கள். நம் உடம்பே சில நூறு கிலோஓம் காட்டும். நல்ல சென்சர் கெட்டதாகவும் கெட்டது நல்லதாகவும் தெரிவது இப்படித்தான். முதலை கிளிப் மாட்டி, கையை எடுத்துவிட்டு எண்ணைப் படியுங்கள்.

தட்டிப் பார்க்கும் சோதனையும் உண்டு. மீட்டரை ஏசி மில்லிவோல்ட்டில் வைத்து, சென்சருக்குப் பக்கத்தில் பிளாக்கில் சின்ன ஸ்பானாவால் மெதுவாகத் தட்டினால் எண் துள்ளவேண்டும். சென்சர் மேலேயே தட்டாதீர்கள், பீசோ வட்டு விரிசல் விடும். மலிவு மீட்டர்கள் மெதுவானவை, துள்ளலைத் தவறவிடும். ஆகவே துள்ளினால் சென்சர் உயிரோடு இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். துள்ளவில்லை என்பதை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது.

கடைசியாகப் போல்ட். தட்டை வகைக்குப் பொதுவாக 20 நியூட்டன் மீட்டர். தளர்ந்தால் காது மந்தம், அதிகமாக முறுக்கினால் வட்டு ஏற்கெனவே அழுந்திப்போய் சிக்னல் மாறிவிடும். கையேட்டில் உள்ள எண்ணுக்கு டார்க் ரெஞ்ச் வைத்துத்தான் இறுக்கவேண்டும். கைக்கணக்கு இங்கே வேண்டாம்.

லைட் இல்லை, ஏற்றத்தில் டிக் டிக்

மெனோரா சுரங்கத்துக்கு முந்திய ஏற்றத்தில் ஏர்கோனும் போட்டு, குடும்பத்தோடு ஏறும்போது டின்னுக்குள் கூழாங்கல் போட்டுக் குலுக்குவதுபோல் கேட்கிறதா? சென்சரைத் தொடாதீர்கள். அது கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது, தாமதமும் செய்கிறது, ஆனாலும் சமாளிக்க முடியாத அளவுக்கு உள்ளே சூடு இருக்கிறது.

ஓட்டும் பழக்கத்தை முதலில் பாருங்கள், காசு செலவில்லாத சோதனை அது. மேனுவல் காரில் நாலாவது கியரில் 40-இல் ஏற்றம் ஏறி எக்ஸ்லேட்டரை அழுத்தினால் எந்த இன்ஜினும் கத்தும். ஒரு கியர் இறக்குங்கள். சத்தம் போனால் கார் சரி.

அடுத்தது பெட்ரோல். 2009-இல் ரோன் (நாக்கைத் தாங்கும் திறனைச் சொல்லும் ஆக்டேன் எண்) 92 போய் 95 வந்ததிலிருந்து சாதாரண கார்களுக்கு 95 போதும். 95-க்கு மேல் கேட்கும் டர்போ கார்களின் பெட்ரோல் மூடியிலேயே அது எழுதியிருக்கும், படித்துப் பாருங்கள். சோதிக்க ஒரு வழி: டாங்கி காலியாகும் நிலைக்கு வரட்டும், ஒரே ஒரு முறை பச்சைக் குழாயில் 97 நிரப்பி, அதே ஏற்றத்தில் அதே சுமையோடு ஏறுங்கள். சத்தம் போய்விட்டதா? அதற்காக மானியம் இல்லாத 97-க்கே காலமெல்லாம் மாறவேண்டியதில்லை. 95-இல் ஓடவேண்டிய இன்ஜின் 97 கேட்கிறது என்றால் உள்ளே எதுவோ அழுத்தத்தையோ சூட்டையோ கூட்டுகிறது. அதைத்தான் தேடவேண்டும்.

அது பெரும்பாலும் கார்பன். வீட்டிலிருந்து தோட்டத்து ஆபீஸ், ஆபீஸிலிருந்து கடைவீதி, அங்கிருந்து பள்ளிக்கூடம் என்று இன்ஜின் சூடேறுவதற்குள் அணைத்துவிடும் கார்களில் பிஸ்டன் தலையில் கார்பன் படியும். படிந்த அளவுக்கு எரியறை சுருங்கி அழுத்தம் கூடும், கங்குபோல் சிவந்து கலவையைத் தானே பற்றவைக்கவும் செய்யும். பிளக்கைக் கழற்றிக் குழாய்க் கேமரா விட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். கார்பன் கிளீனிங் என்று பட்டறைகளில் செய்வதில் சிலது பலன் தருகிறது, சிலது வெறும் புகை. கேமராவில் முன்னும் பின்னும் காட்டச் சொல்லுங்கள். காட்டத் தயங்கினால் காசு கொடுக்காதீர்கள்.

பிளக்கைக் கழற்றியபடியே அதன் எண்ணையும் பாருங்கள். வெப்ப எண் தவறிய பிளக் முனை அளவுக்கு மீறிச் சூடாகும். கடையில் "எல்லாம் ஒண்ணுதான் பாஸ்" என்று கொடுத்ததையெல்லாம் மாட்டக்கூடாது.

சூட்டுக்கு வருவோம். வெப்ப மீட்டர் ஊசி நடுவில் நின்றாலும் இன்ஜின் தண்ணீர் ஓரிரு பத்து டிகிரி கூடியிருக்க வாய்ப்புண்டு, பல கார்களில் ஊசி அவ்வளவு நேர்மையானது இல்லை. ஸ்கேனரில் வெப்பநிலையைப் பாருங்கள். தோட்டச் சாலையில் ஓடும் கார்களின் ஏர்கோன் கன்டென்சர் இடுக்கில் லாலாங் புல்லின் பஞ்சும் பூச்சியும் செம்மண்ணும் சேர்ந்து அப்பிக்கொள்ளும். பின்னால் இருக்கும் ரேடியேட்டருக்குக் காற்றே போகாது. இன்ஜின் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக மெல்லிய தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். அதிவேகப் பைப்பு வேண்டாம், தகடு மடிந்துவிடும்.

இன்டேக் பக்கம் வெடித்த வாக்யூம் ஹோஸ் வழியாகக் காற்று புகுந்து கலவை மெலிந்தாலும் இதே சத்தம் வரும். ஐடிலில் உஸ் என்று கேட்டால் அதைப் பிடியுங்கள்.

லைட்டும் இல்லை, சத்தமும் இல்லை, கார் மட்டும் சோம்பல்

பிடிக்கக் கடினமானது இதுதான். ஸ்கேனரின் நேரடி எண்களில் இக்னிஷன் டைமிங்கை, அதாவது தீப்பொறி எத்தனை டிகிரி முன்னதாக விழுகிறது என்பதைப் பாருங்கள். சமதரையில் லேசாக அழுத்தி 80-இல் போகும்போது பல கார்களில் 25 டிகிரிக்கு மேல் நிற்கும். உங்கள் காரில் அது அடிக்கடி சரிந்து எழுந்தால், அல்லது நாக் ரிட்டார்ட் (நாக்குக்காகத் தாமதித்த டிகிரி) என்ற வரி இருந்து அது பூஜ்யத்துக்கே திரும்பாமல் இருந்தால், ஈசியு ஏதோ சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருக்கிறது. அந்தச் சத்தம் நாக் ஆகத்தான் இருக்கவேண்டும் என்பதில்லை.

எக்ஸாஸ்ட் மேல் இருக்கும் வெப்பத் தகட்டின் போல்ட் துருப்பிடித்துத் தளர்ந்து பிளாக்கை உரசுவது, தளர்ந்த ஆல்டர்னேட்டர் பிராக்கெட், செம்மண் சாலையில் கல் அடித்துக் கழன்ற அடித்தட்டு, தேய்ந்த டைமிங் செயின் டென்ஷனர், இவை எல்லாமே அந்த அலைவெண்ணுக்குப் பக்கத்தில் அதிரக்கூடியவை. இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது ஒவ்வொரு தகட்டையும் கையால் ஆட்டிப் பாருங்கள். யாரையாவது 2500 ஆர்பிஎம்மில் நிறுத்திவைக்கச் சொல்லி, நீளமான கட்டையின் ஒரு முனையைச் சந்தேகப்படும் இடத்தில் அழுத்திப் பிடியுங்கள். பெல்ட், ஃபேன் பக்கம் கை போகக்கூடாது. அழுத்தியதும் டைமிங் எண் நிமிர்ந்தால் குற்றவாளி அங்கேதான். தகட்டுக்கு ஒரு போல்ட் போட்டாலே கார் பழைய இழுவைக்குத் திரும்புவதுண்டு.

எதுவும் கிடைக்கவில்லையா? அடைத்த ஏர் ஃபில்டர், உருகி அடைத்த கேட்டலிஸ்ட், பிடித்துக்கொண்டிருக்கும் பிரேக் எல்லாம் இதே சோம்பலைத் தரும். நாக் சென்சரைக் கொஞ்ச நேரம் மறந்துவிடுங்கள்.

மழைக்கும் கழுவலுக்கும் மட்டும் வரும் லைட்

தண்ணீர். வி வடிவ இன்ஜினில் சென்சர் இரண்டு வரிசைக்கும் நடுவில் பள்ளத்தில் கிடக்கும், அங்கே தேங்கும் தண்ணீர் வெளியேற நேரம் பிடிக்கும். சாக்கெட்டின் ரப்பர் வளையம் கெட்டியாகியிருந்தால் அதை மாற்றுங்கள், களிம்பைத் துடையுங்கள். இன்ஜினைப் பைப்பு வைத்துக் கழுவும் பழக்கத்தை விடுங்கள். ஈரத்துணி போதும்.

சென்சர் மாற்றியும் கோடு திரும்பி வருகிறது

இந்தப் புகார்தான் அதிகம். புதுச் சென்சர் உட்காரும் இடத்தைச் சுரண்டாமல் துருவின் மேலேயே வைத்து இறுக்கியிருப்பார்கள். சென்சரின் முகம் வெற்று உலோகத்தோடு முழுசாக ஒட்டவேண்டும். பெயின்ட், துரு, கிரீஸ், சிலிக்கான் எதுவும் நடுவில் இருக்கக்கூடாது. வாஷர் போடக்கூடாது. நீளம் பத்தாமல் வேறு போல்ட் போட்டிருந்தால் அதையும் மாற்றுங்கள். சாக்கெட் எந்தப் பக்கம் திரும்பியிருக்கவேண்டும் என்பதும் கையேட்டில் இருக்கும்; தப்பான பக்கம் திரும்பினால் வயர் இழுபட்டு அறும்.

பொருளும் காரணமாக இருக்கும். ஒரிஜினல் விலையில் கால்வாசிக்குக் கிடைப்பதில் பல வெறும் உலோகக் கட்டிதான். பட்ஜெட் இடிக்கிறது என்றால் ஹாஃப்கட் கடையில் (பழைய கார்ப் பாகங்கள் விற்கும் கடை) அதே இன்ஜினிலிருந்து கழற்றிய பழைய ஒரிஜினலைத் தேடுங்கள், மீட்டரைக் கையோடு கொண்டுபோய் அங்கேயே அளந்து வாங்குங்கள். பெயர் தெரியாத புதுசைவிட அது மேல் என்பது என் கட்சி. கீழே போட்டு எடுத்ததை மட்டும் வாங்காதீர்கள்.

இரண்டும் சரி என்றால் சாக்கெட்டிலிருந்து ஈசியு வரை வயரின் தொடர்ச்சியை அளக்கவேண்டும். இங்கே வயரிங் தெரிந்த ஆள் தேவை. ஈசியுவே கெட்டது என்ற முடிவுக்குக் கடைசியில்தான் வரவேண்டும்.

செஃபீரோ, ஹாரியர் 3.0 மாதிரி கார்களில் சென்சருக்குப் போக இன்டேக் மேனிஃபோல்டையே கழற்றவேண்டும். பொருளின் விலையைவிடக் கூலி கூடும். அவ்வளவு தூரம் திறந்தபின் மேனிஃபோல்ட் கேஸ்கெட்டையும், அடியில் ஓடும் தண்ணீர் ஹோஸையும், சென்சர் வயரையும் சேர்த்தே மாற்றச் சொல்லுங்கள். இன்னொரு தடவை திறக்க மனசு வராது.

டிக் இல்லை, டொக்

எக்ஸ்லேட்டரை அழுத்தினால் கனமாக டொக் டொக் என்று அடியிலிருந்து வந்து, இன்ஜின் எண்ணெய் லைட்டும் மினுக்கினால் இது நாக்கிங் இல்லை, பேரிங். ஓரம் கட்டி அணையுங்கள். இழுவை லோரியில் ஏற்றுங்கள்.

வேலை முடிந்ததும்

இந்தச் சென்சருக்கு இத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை சர்வீஸ் என்று எதுவும் கிடையாது. பிளக் மாற்றும்போது சாக்கெட்டையும் வயரையும் ஒரு பார்வை, ராக்கர் கவர் கசிவை உடனே அடைப்பது, ராத்திரி பானெட்டுக்கடியில் எலி தங்காமல் பார்த்துக்கொள்வது, இவ்வளவுதான்.

கோடை அழித்துவிட்டு வாசலில் ஐடிலில் வைத்துப் பார்த்து "சரியாயிடுச்சு" என்று சொல்வதை ஏற்காதீர்கள். பல ஈசியுக்கள் ஐடிலில் இந்தச் சிக்னலைச் சோதிப்பதே இல்லை, இன்ஜின் சூடாகி, ஆர்பிஎம் ஏறி, சுமையும் இருந்தால்தான் சோதிக்கும். இன்ஜின் முழுச் சூட்டுக்கு வந்தபிறகு ஈப்போ வரைக்கும் ஒரு தடவை, நடுநடுவே 3000 ஆர்பிஎம் தாண்டி, ஓட்டிவிட்டு வாருங்கள். திரும்பி வந்து ஸ்கேனரில் நிலுவைக் கோடுகள் பகுதியையும் படியுங்கள். லைட் எரியாமலே அங்கே பி0325 உட்கார்ந்திருந்தால் பட்டறைக்கு மறுநாளே போகலாம், பில் இன்னும் கையில் இருக்கும்போதே.